உடைத்த பருப்பு முளைக்காது

இது கொஞ்சம் நீண்ட பதிவு. வேலை முடிந்து ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

பாடசாலையில் ஈரப் பஞ்சில் பயறு போட்டு முளைக்க வைக்கும் பரிசோதனையை நாம் எல்லோரும் செய்திருக்கிறோம். இரண்டு மூன்று நாளில் பயறு தோலை வெடித்துக்கொண்டு வெள்ளை வால் விடும். பிள்ளைகள் அதைப் பார்த்துப் படம் கீறி, பகுதிகளைக் குறித்து, புள்ளி வாங்குவார்கள். பிறகு பஞ்சும் பயறும் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். அந்த ஒரு கைப்பிடி முளைப்பயறு கிடைக்காமல் முரசு வீங்கி, பல் ஆடி, கால் மடக்க முடியாமல் கிடந்த ஆயிரக்கணக்கான மனிதர்களைப் பற்றி எந்தப் பாடப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. அவர்களில் பெரும்பாலானோர் நமது அயல் நாட்டவர்கள். நோயில் விழுந்த இடம் ஈராக், நமக்குத் தெரிந்த தஜ்லா நதிக்கரை.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறோம். பெயர் ஸ்கர்வி. உடம்புக்கு விற்றமின் சீ கிடைக்காமல் இரண்டு மூன்று மாதம் போனால் வரும். முதலில் சோர்வு. பிறகு முரசு பஞ்சு போல வீங்கி இரத்தம் கசியும். தோலுக்கடியில் நீலம் பாரிக்கும். எப்போதோ ஆறிய பழைய காயம்கூட மறுபடி வாய் பிளக்கும். கவனிக்காமல் விட்டால் மரணம். பாய்க்கப்பல் காலத்தில் நீண்ட கடற்பயணம் போன மாலுமிகளைப் போரை விட அதிகமாகக் கொன்றது இந்த நோய்தான். 1747 இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் 12 நோயாளிகளைத் தெரிவுசெய்து, இரண்டிரண்டு பேருக்கு ஒவ்வொரு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் லெமனும் சாப்பிட்ட இருவரும் ஒரு கிழமைக்குள் எழுந்து நடந்தார்கள். இவ்வளவு தெளிவான முடிவு கிடைத்தும், பிரித்தானியக் கடற்படை தன் மாலுமிகளுக்கு லெமன் சாற்றை ஒழுங்காகக் கொடுக்கத் தொடங்கியது 1795 இல்தான்.

நடுவில் இருந்த அந்த 48 வருடங்களில்தான் முளைத்த தானியம் முதன்முறையாக இந்தக் கதைக்குள் வருகிறது. வந்ததும் தவறான வழியில். டேவிட் மெக்பிரைட் என்ற அயர்லாந்து வைத்தியர், பார்லியை முளைக்க வைத்துக் காயவைத்த 'மோல்ட்' என்பதைக் கொதிநீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் குடித்தால் ஸ்கர்வி தீரும் என்று 1764 இல் எழுதினார். கப்டன் குக் தனது உலகப் பயணங்களுக்கு அந்த மோல்ட்டைக் கொண்டுபோனார். அவருடைய கப்பலில் ஸ்கர்வி அதிகம் இல்லாமற் போனதும் பாராட்டு மோல்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. உண்மையில் குக் கரை கண்ட இடமெல்லாம் இறங்கி, கீரை பிடுங்கி, பழம் பறித்து ஆட்களுக்குக் கட்டாயமாகக் கொடுத்தவர். காப்பாற்றியது அந்தப் பச்சைதான். முளைத்த பார்லியில் இருந்த சத்து சூளைச் சூட்டில் காயும்போதே பெரும்பாலும் போய்விட்டது. மிச்சமும் மாதக்கணக்கில் பீப்பாயில் கிடந்ததில் போயிற்று. ஆனால் குக் என்ற பெரிய பெயர் மோல்ட்டின் பக்கம் நின்றதால் லெமன் சாறு இன்னும் பின்னுக்குப் போனது. பெரிய மனிதர் சொன்னார் என்பதற்காக ஒரு மருந்தை நம்புவது வட்ஸ்அப் வந்த பிறகு தொடங்கிய பழக்கமல்ல.

அடுத்த தவறு தேசிக்காய் சம்பந்தப்பட்டது, ஆகவே நமக்கு நெருக்கமானது. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு பிரித்தானியக் கடற்படை மத்தியதரைக் கடல் லெமனை விட்டுவிட்டு மேற்கிந்தியத் தீவுகளின் தேசிக்காய்க்கு மாறியது. அந்தத் தீவுகள் அவர்களுடைய சொந்தக் குடியேற்றங்கள். இரண்டும் புளிக்கிறது, ஆகவே இரண்டும் ஒன்று என்று நினைத்தார்கள். நோயைத் தடுப்பது புளிப்பு அல்ல என்பது அன்று யாருக்கும் தெரியாது. நாம் பிளேன்டியில் பிழியும் புதுத் தேசிக்காயில் விற்றமின் சீ இருக்கிறது, லெமனை விடக் குறைவு, அவ்வளவுதான். ஆனால் பிழிந்து, போத்தலில் அடைத்து, மாதக்கணக்கில் வைத்திருந்த சாற்றில் புளிப்பு மட்டுமே மிஞ்சும். 1875 இல் நேர்ஸ் தலைமையில் வட துருவம் நோக்கிப் புறப்பட்ட குழு தேசிக்காய்ச் சாறு கொண்டுபோயும் ஸ்கர்வியில் அடிபட்டுத் திரும்பி வந்தது.

இந்தக் குழப்பம் தீராத நிலையில்தான் முதலாம் உலகப் போர் வந்தது. பிரித்தானியர் இந்தியப் படைகளை ஈராக்குக்கு, அன்றைய பேச்சில் மெசபடேமியாவுக்கு, இறக்கினார்கள். மேஜர் ஜெனரல் டவுன்சென்டின் படை பக்தாதைப் பிடிக்கப் போய், தோற்றுப் பின்வாங்கி, தஜ்லா நதி வளைந்து ஓடும் கூத் அல்-அமாரா என்ற சிறு நகரத்தில் சிக்கிக்கொண்டது. 1915 டிசம்பர் 7 முதல் 1916 ஏப்ரல் 29 வரை உஸ்மானியப் படை அவர்களைச் சுற்றி வளைத்து வைத்திருந்தது. உள்ளே பஞ்சாபியர், மராட்டியர், ராஜபுத்திரர், கூர்க்காக்கள் இருந்தார்கள். வெள்ளைக்காரப் படைப்பிரிவுகளும் இருந்தன.

ஒரே முற்றுகைக்குள், ஒரே நேரத்தில் இரண்டு கூட்டத்துக்கும் இரண்டு வேறு நோய்கள் வந்தன. வெள்ளைக்காரர் தீட்டிய வெள்ளை மாவில் செய்த பாணைச் சாப்பிட்டார்கள், பெரிபெரி வந்தது. பிறகு குதிரைகளை அறுத்து அந்த இறைச்சியைப் புதிதாகச் சாப்பிட்டதால் ஸ்கர்வி அவர்களை அவ்வளவாகத் தொடவில்லை. இந்தியர் தவிட்டோடு அரைத்த ஆட்டா மாவில் ரொட்டி சுட்டார்கள், ஆகவே பெரிபெரி இல்லை. ஆனால் காய்கறி இல்லை, பழம் இல்லை, குதிரை இறைச்சிக்குப் பெரும்பாலானோரின் மனம் ஒப்பவில்லை. டவுன்சென்ட் இந்தியாவில் இருந்த மதத் தலைவர்களிடம் அனுமதி வாங்கிக் காட்டிய பிறகும் பலர் கடைசி வாரங்கள் வரைக்கும் தொடவில்லை. அவர்களை ஸ்கர்வி பிடித்தது. ஆற்றங்கரையில் முளைத்த புல் பூண்டுகளைப் பிடுங்கி அவித்துச் சாப்பிட்டுப் பார்த்தார்கள்.

கூத்துக்கு வெளியேயும் நிலைமை நல்லதாக இல்லை. 1916 இன் பிற்பகுதியில் மட்டும் மெசபடேமியாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் ஸ்கர்வி நோயாளிகளாக வைத்தியசாலைகளை நிரப்பினார்கள். கொடுக்கப்பட்டது போத்தல் தேசிக்காய்ச் சாறு. அதன் பலனை மேலே சொல்லிவிட்டோம்.

இந்திய வீரனின் பங்கீட்டில் என்ன இருந்தது என்று பாருங்கள். ஆட்டா, நெய், சர்க்கரை, அதோடு பருப்பு. பருப்பு! ஈரம் பட்டு முளைத்தால் ஸ்கர்விக்கு மருந்தாகக்கூடிய தானியத்தின் குடும்பமே சாக்குச் சாக்காகப் படையோடு வந்துகொண்டிருந்தது. மராட்டிய வீடுகளில் மட்கிப் பயறைத் துணியில் முடிந்து முளைக்க வைத்து ஆக்குவது அன்றாடச் சமையல். அந்தக் கைப்பழக்கம் உள்ள தாய்மாரின் பிள்ளைகள் இந்தப் படையில் இருந்தார்கள். ஆனால் தோல் நீக்கி, இரண்டாக உடைத்த பருப்பு முளைக்காது. உடைக்கும்போதே கரு போய்விடுகிறது. முழுப் பயறு என்பது உயிருள்ள விதை, உடைத்த பருப்பு வெறும் உணவு. சீக்கிரம் வேகும், மூட்டையில் இடம் குறைவு, தோலும் தூசும் இல்லை என்று களஞ்சியக்காரர்களுக்கு வசதியான வடிவம் எதுவோ, அதில்தான் மருந்து இல்லாமற் போனது.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் வேலை செய்த இரு பெண்கள், ஹரியட் சிக், மார்கரட் ஹியூம். 1905 இல் சிக் அங்கே சேர விண்ணப்பித்தபோது, ஒரு பெண்ணை எடுக்க வேண்டாம் என்று உள்ளே இருந்த சிலர் பணிப்பாளரிடம் மன்றாடியிருக்கிறார்கள். அவர் எடுத்துவிட்டார், நல்ல காலம். போர் தொடங்கியதும், படைகளுக்கு எந்த உணவைக் கொடுத்தால் பெரிபெரியும் ஸ்கர்வியும் வராது என்ற கேள்வி இவர்கள் கையில் வந்து விழுந்தது.

கினிப்பன்றிகளை வைத்துச் சோதித்தார்கள். (பெயரில்தான் பன்றி. அது முயலைப் போலப் புல் தின்னும், எலி இனத்துப் பிராணி.) பெரும்பாலான மிருகங்கள் விற்றமின் சீயைத் தங்கள் உடம்பிலேயே செய்துகொள்ளும். நம்மைப் போல அதைச் செய்ய முடியாத சில பிராணிகளில் இதுவும் ஒன்று. நோர்வேயில் ஹோல்ஸ்ட், புரோலிக் என்ற இருவர் 1907 இல் தற்செயலாக இதைக் கண்டார்கள். அதே நாட்டில் 1912 இல் ஃபூர்ஸ்ட் என்பவர், காய்ந்த பயறிலும் தானியத்திலும் ஸ்கர்வியைத் தடுக்கும் சக்தி இல்லை, முளைத்தால் வருகிறது என்று காட்டியிருந்தார். சிக்கும் ஹியூமும் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காய்ந்த பயறைத் தின்ற கினிப்பன்றிகள் செத்தன. அதே பயறை ஊறவைத்து முளைவிட்ட பிறகு கொடுத்தால் பிழைத்தன. 1917 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அடுத்த வருடம் லெமனையும் தேசிக்காயையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் சோதித்து, போத்தல் தேசிக்காய்ச் சாற்றை நம்ப வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

இதில் நமக்கு மிகவும் பிடித்த பகுதி, வீட்டிலும் முகாமிலும் முளைக்க வைப்பதற்கு அவர்கள் எழுதிக் கொடுத்த முறை. ஆய்வுகூடக் கருவி எதுவும் இல்லை. சுத்தமான ஒரு சாக்கு, ஒரு தொட்டி அல்லது பீப்பாய், தண்ணீர். முழுப் பயறைச் சாக்கில் போட்டுத் தொட்டியில் ஊறவைக்க வேண்டும். ஊறினால் இரண்டரை, மூன்று மடங்காகப் பருக்கும், ஆகவே சாக்கை நிரப்பிக் கட்டக் கூடாது. குளிர் நாட்டில் 24 மணி நேரம், வெப்ப நாட்டில் 6 முதல் 12 மணி நேரம் போதும். பிறகு அடியிலும் பக்கத்திலும் துளைகள் உள்ள ஒரு பாத்திரத்தில் இரண்டு மூன்று அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஈரத் துணியோ சாக்கோ போட்டு மூடி, அவ்வப்போது கையால் தண்ணீர் தெளிக்க வேண்டும். காற்றுப் போக வேண்டும். ஒன்று, இரண்டு நாளில் முளை வரும். வந்தவுடன் சமைக்க வேண்டும், நீண்ட நேரம் அவிக்கக் கூடாது. மறுபடி காயவைக்கவே கூடாது. இந்தக் கடைசிக் கட்டளையில் குக்கின் மோல்ட் தோற்ற காரணம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

வில்ட்ஷயர் என்ற வைத்தியர் ஸ்கர்வி பிடித்த செர்பிய வீரர்களை இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு லெமன் சாறும் மற்றக் குழுவுக்கு முளைத்த போஞ்சி விதையும் கொடுத்து 1918 இல் எழுதினார். முளைத்த விதை சாப்பிட்டவர்கள் லெமன்காரர்களுக்குப் பின்னால் நிற்கவில்லை, பெரும்பாலும் முந்தியே குணமானார்கள். இந்த நேரத்தில் அந்தச் சத்தைப் பிரித்தெடுத்துக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. ஹங்கேரியரான சென்ட்-கியோர்கி அதைப் பிரித்தெடுத்தது 1928 இல். அதுதான் விற்றமின் சீ என்று உறுதியானது 1932 இல். பெயர் தெரியாத மருந்தைச் சாக்கில் விளைவித்திருக்கிறார்கள்.

பயன் கிடைக்க வேண்டிய மண்ணுக்கு இந்த அறிவு பிந்தித்தான் வந்தது. இன்றைய ஹரியானாவில் இருக்கும் ஹிசார் மாவட்டத்தில் 1938 முதல் மழை பொய்த்துக் கடும் பஞ்சம் வந்தது. கீரையும் காயும் இல்லாமல் ஸ்கர்வி பரவியது. அங்கே முளைகட்டிய கொண்டைக் கடலை கொடுத்து நோயைக் கட்டுப்படுத்தினார்கள். கடலை அந்த ஊர்ச் சாதாரண தானியம், வெளியூரிலிருந்து லெமன் வர வேண்டியிருக்கவில்லை. கூத்தில் விழுந்தவர்களின் பேரப்பிள்ளை வயதுக் குழந்தைகளும் அங்கே அதைச் சாப்பிட்டிருப்பார்கள்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் முறை. இறைச்சி பங்கீட்டுக்கு வந்ததும் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் கிளைவ் மெக்கே சோயா முளையைப் பிரசாரம் செய்தார். 1943 இல் நியூயோர்க் ஆளுநர் டூவி தன் மாளிகையில் பத்திரிகைக்காரர்களை அழைத்துச் சோயா விருந்தே வைத்தார். பூச்சட்டி போன்ற, அடியில் துவாரமுள்ள எந்தப் பாத்திரத்திலும் சமையலறையிலேயே முளைக்க வைக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். புதுமை என்று பத்திரிகைகள் எழுதின. கொரியாக்காரர் சிரித்திருப்பார்கள். அவர்கள் வீடுகளில் அடியில் துளைகள் உள்ள மண் பானையை ஒரு தண்ணீர்ச் சட்டிக்கு மேலே கவைக்கட்டையில் இருத்தி, சோயாவைப் போட்டுத் துணியால் மூடி, கீழே வடிந்த தண்ணீரைச் சுரைக்குடுவையால் அள்ளி மறுபடி மறுபடி ஊற்றி வளர்ப்பது தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தது. இருட்டும் ஈரமும் துளையும் காற்றும்தான் கருவி. லண்டன் தொட்டியும் கொரியப் பானையும் நமது ஈரத் துணி முடிச்சும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

இந்த வரலாற்றுக்கு ஒரு கறுப்புப் பக்கமும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு முளைப்பயறைப் புகழ்வது நேர்மையல்ல. 2011 மே மாதம் ஜேர்மனியில் ஈ கோலை கிருமியினால் ஒரு கொள்ளை நோய் வெடித்தது. ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்றார்கள், 50 பேருக்கு மேல் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மீது பழி விழுந்து, அந்த விவசாயிகள் அறுவடையைக் கொட்ட வேண்டி வந்தது. கடைசியில் தடம் போய் நின்றது ஒரு பண்ணையில் வளர்த்த முளைகளிலும், எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையிலும். முளைக்குத் தேவையான சூடும் ஈரமும் கிருமிக்கும் அதே அளவு பிடித்தவை. அந்த முளைகளை மக்கள் பச்சையாகச் சாப்பிட்டிருந்தார்கள். லிஸ்டர் நிறுவனத்துப் பெண்கள் 'கொஞ்ச நேரம் சமையுங்கள்' என்றுதான் எழுதினார்கள், பச்சையாக மெல்லச் சொல்லவில்லை. உடற்பயிற்சி நிலையத்துக் காணொளிகளைப் பார்த்துப் பச்சையாகச் சாப்பிடும் தம்பிமார் இதைக் கவனிக்கவும்.

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கே ஸ்கர்வி இல்லை. கொய்யா, தேசிக்காய், பச்சை மிளகாய் இருக்கும் ஊரில் அது இலேசில் வராது. நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் விற்றமின் சீ கிடைத்தாலே அந்த நோய் தடுக்கப்படும், 100 கிராம் பாசிப்பயறு முளையில் அதற்குச் சற்றுக் கூடவே இருக்கிறது. முளைப்பயறை இன்று பேசுவதற்குக் காரணம் வேறு. நமது அன்றாட ஆணம் எதில் நிற்கிறது? கப்பலில் வரும், தோல் நீக்கி உடைத்த மைசூர் பருப்பில். 2022 இல் அந்தப் பருப்பின் விலையும் கேஸ் வரிசையும் எப்படி இருந்தன என்பதை யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அந்த நாட்களிலும் நமது மண்ணில் பயறும் கௌபியும் விளைந்தன, முழு விதையாக, உயிரோடு. முளைத்த பயறு வேக விறகும் குறைவு, நேரமும் குறைவு.

செய்து பார்க்க விரும்புவோருக்கு: வெற்றுப் பால்மா டின் ஒன்றின் அடியில் சிறிய ஆணியால் இருபது முப்பது துளைகள் இடுங்கள். துளையின் கூர் வெளிப்பக்கம் இருக்கட்டும், இல்லாவிட்டால் கழுவும்போது கையை வெட்டும். துரு பிடித்த டின் வேண்டாம். டின் இல்லையென்றால் ஜாம் போத்தலின் வாயில் சுத்தமான நுளம்பு வலைத் துண்டை இறப்பர் வளையத்தால் கட்டி, கவிழ்த்துச் சாய்த்து வைக்கலாம். முழுப் பாசிப்பயறில் கல், உடைந்தது, பூச்சி தின்றது பொறுக்கி, நன்றாகக் கழுவி, கொதித்து ஆறிய தண்ணீரில் இரவு ஊறப்போடுங்கள். காலையில் வடித்து டின்னில் பாதிக்கும் குறைவாகப் போட்டு, ஈரத் துணியால் மூடி, வெயில் படாத இடத்தில் இரண்டு மரத்துண்டுகளின் மேல் வையுங்கள். அடியில் காற்றுப் போக வேண்டும். காலை, பகல், இரவு மூன்று தடவை தண்ணீர் ஊற்றி வடிய விடுங்கள். நம் சூட்டுக்கு மறுநாளே வால் தெரியும். வழுவழுப்போ புளித்த வாடையோ வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

விவசாயக் கடையில் நடுவதற்கு விற்கும் நிறம் பூசிய விதையை எடுக்கவே வேண்டாம், அது மருந்து பூசியது. சிவப்புப் போஞ்சி விதையில் இயற்கையாகவே ஒரு நச்சு இருக்கிறது, அதை நன்றாகக் கொதிக்க வைக்காமல் சாப்பிடக் கூடாது. பாசிப்பயறும் கௌபியும் போதும்.

சமைக்கும்போது தாச்சியில் கொஞ்சம் எண்ணெய், வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மாசித்தூள். முளைப்பயறைப் போட்டு மஞ்சளும் உப்பும் சேர்த்து, மூடி, ஆவி நன்றாக வரும்வரை ஐந்தாறு நிமிடம். துருவிய தேங்காயைப் பிரட்டி இறக்கிய பிறகு தேசிக்காய் பிழியுங்கள். சிறு பிள்ளைகள், கர்ப்பிணித் தாய்மார், வயதானவர்கள் உள்ள வீட்டில் இன்னும் சில நிமிடம் கூடுதலாக வேக விடுங்கள். கௌபி என்றால் முளைக்க ஒரு நாள் கூட ஆகும், வேகவும் அதேபோல.